ஒன்றரை என்னும் வேலி

பொழுதைப் பகுத்துப் பார்ப்பதிலே பண்டைத் தமிழர் தேர்ந்திருந்தனர். மாலை, யாமம், வைகறை, விடியல், நண்பகல், எற்பாடு என நாளைக் கூறுபடுத்தி, அக்கூறுகளை ஐந்து திணைகளுக்கும் உரிமை செய்து வைத்தது தொல்காப்பியம். யாமம் குறிஞ்சிக்கு உரியது. தலைவன் மலைவழியில் இருளைக் கடந்து வரும் பொழுது அது என்று வகுப்பறைகளில் நாம் கற்பித்து வருகிறோம். அதே யாமத்தில் இன்று நமது மலைநாட்டில் விழித்திருப்பவர் யாவர் என்று நோக்கின், தேயிலைத் தொழிற்சாலையில் உருட்டும் இயந்திரத்தின் அருகே நிற்கும் தொழிலாளியே முதலில் நம் கண்ணிற் படுவார். பகலில் எடுத்த கொழுந்து வாடிப் பதத்துக்கு வருவதற்குப் பல மணி நேரம் செல்லும். ஆதலின் அதனை உருட்டும் வேலை பெரும்பாலும் ஊர் உறங்கும் பொழுதிலேயே தொடங்குகிறது.

அவர் தனித்தவர் அல்லர். துறைமுகத்திலே கப்பலிலிருந்து சரக்கு இறக்குவோர், மருத்துவமனை விடுதிகளில் நடமாடும் தாதியர், வாயிற்காவலர், கடல் கடந்த நாடுகளின் பகற்பொழுதுக்கு இசைந்து இங்கே இரவில் கணினி முன் அமர்ந்திருக்கும் இளைஞர் என இந்த வரிசை நீளும். வாசகர் இப்பொழுது கையில் வைத்திருக்கும் இத்தாளும் சிலருடைய இரவு உழைப்பினால் அச்சேறி வந்ததேயாகும்.

இவர்கள் தமது முறை முடிந்த பின்னரும் நின்று வேலை செய்தால், அந்த மேலதிக நேரத்துக்கு எவ்வாறு கூலி கணிக்கப்படுகிறது என்பதே நான் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள். இது கணக்கப்பிள்ளைமாரின் விடயம். இலக்கியப் பக்கத்தில் இதற்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். சொற்களின் பொருளை வரையறுப்பது இலக்கிய மாணவரின் தொழில் என்பதனை அவர்கள் மறுக்கமாட்டார்கள். ‘நாள்’, ‘மணி’, ‘இரவு’, ‘சாதாரணம்’ என்னும் நான்கு சொற்களுக்குக் கொள்ளும் பொருளைப் பொறுத்தே ஒரு தொழிலாளியின் மேலதிகக் கூலி கூடுகிறது, குறைகிறது, சில வேளைகளில் இல்லாமலே போய்விடுகிறது. ‘ஒன்றரை மடங்கு’ என்னும் தொடர் எல்லோருக்கும் தெரியும். எதன் ஒன்றரை மடங்கு என்பதைக் கேட்போர் மிகச் சிலரே.

நாள் எப்பொழுது பிறக்கிறது?

நமது பஞ்சாங்கத்தின்படி நாள் என்பது சூரியன் உதிப்பதிலிருந்து மறுநாள் உதிக்கும் வரையுள்ள 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். பூமத்திய ரேகைக்கு அணித்தான நம் நாட்டில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய காலை ஆறு மணியளவிலேயே உதிக்கிறான். எனவே பஞ்சாங்கக் கணக்கில், இரவு பத்து மணிக்குத் தொடங்கிக் காலை ஆறு மணிக்கு முடியும் வேலை முறை முழுவதும் ஒரே நாளுக்குள் அடங்கிவிடும். கடிகாரத்தின் கணக்கு வேறு. அது நள்ளிரவிலே நாளை முறிக்கிறது. இரவுத் தொழிலாளியின் எட்டு மணி நேரத்தில் இரண்டு மணி ஒரு திகதியிலும் ஆறு மணி அடுத்த திகதியிலுமாக வீழ்ந்து விடுகின்றன.

இதனால் வருவது என்ன என்பதை ஓர் உதாரணத்தாற் காண்போம். நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு மேலதிகக் கூலி உண்டு என்பது விதி என வைத்துக்கொள்வோம். ஒரு தொழிலாளி திங்கட்கிழமை இரவு பத்து மணிக்கு வேலை தொடங்குகிறார். காலை ஆறு மணிக்கு அவரை விடுவிக்க வேண்டியவர் வரவில்லை. இயந்திரத்தை நிறுத்த முடியாதாகையால் ஒன்பது மணி வரை அவரே நிற்கிறார். அன்றிரவு அவருக்கு வேலை இல்லை. புதன்கிழமையிலிருந்து காலை முறைக்கு மாறுகிறார். உணவு இடைவேளையை எளிமை கருதி விட்டுவிடுவோம். அவர் ஒரே மூச்சாக நின்று உழைத்தது பதினொரு மணி நேரம். கடிகாரத்தின் திகதிப்படி பார்த்தாலோ, திங்கட்கிழமை இரண்டு மணி நேரம். செவ்வாய்க்கிழமை ஒன்பது மணி நேரம். இரண்டு நாளிலும் அவர் எல்லையைத் தாண்டவில்லை. ஆகவே நாட்கணக்கில் அவருக்கு மேலதிகக் கூலி ஒரு சதமும் இல்லை! பகல் முறையில் ஒருவர் காலை ஆறு மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை அதே பதினொரு மணி நேரம் நின்றிருந்தால், இரண்டு மணி நேரத்துக்கு அவர் மேலதிகக் கூலி பெறுவார்.

இந்தப் பிழையைக் கண்டு திருத்திய சட்டம் ஒன்று நம் அயலிலேயே உண்டு. பல பத்தாண்டுகளாக இந்தியத் தொழிற்சாலைகளை ஆண்டு வந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என எல்லையிட்டு, அதற்கு மேற்பட்ட வேலைக்குச் சாதாரணக் கூலியின் இரட்டிப்பை வழங்குமாறு விதித்தது. அதன் 57ஆம் பிரிவு இரவு முறைக்கெனவே எழுதப்பட்டது. நள்ளிரவைக் கடந்து செல்லும் முறையில் வேலை செய்பவருக்கு, நள்ளிரவுக்குப் பின் அவர் உழைத்த மணிகளை முந்திய நாளின் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். அவருடைய அடுத்த நாள் அந்த முறை முடிந்த வேளையிலிருந்துதான் தொடங்கும் என்பது அப்பிரிவின் கருத்து. விடுமுறைக்கும் அது வழி சொல்லிற்று. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்று சொல்லிவிட்டு, அன்று அதிகாலை ஆறு மணி வரை வேலை வாங்குவது விடுமுறையாகாது. முறை முடிந்த நேரத்திலிருந்து தொடர்ச்சியான 24 மணி நேரமே அத்தொழிலாளியின் விடுமுறை நாள் என்று சட்டம் கூறிற்று.

உழைப்பவன் ஓய்வெடுக்கத் தொடங்கும் நேரத்திலேயே அவனது நாள் முடிகிறது என்னும் இக்கொள்கை, நள்ளிரவில் நாளை முறிக்கும் கடிகாரத்தைக் காட்டிலும் நமது பஞ்சாங்கத்துக்கு நெருங்கியது. இதனைப் படித்தபோது எனக்கு ஒருவகை மகிழ்ச்சி உண்டாயிற்று.

ஒரு மணியின் விலை

மலைநாட்டுத் தோட்டங்களில் ஒரு நாள் வேலையை ‘ஒரு பேர்’ என்பர். செக்ரோலிலே பெயர் பதியப்பட்டால் நாட்சம்பளம் உண்டு. குறைந்த வேலைக்கு ‘அரைப் பேர்’. இந்த அளவு நாளை அளக்கும், மணியை அளக்காது. காரியாலயங்களில் மாதச் சம்பளமும் அத்தன்மையதே. மேலதிக நேரமோ மணிக்கணக்கில் வருவது. எனவே மாதச் சம்பளத்தை மணிச் சம்பளமாக மாற்றுவதற்கு ஒரு வகுத்தல் வேண்டியிருக்கிறது. அந்த வகுத்தலில் எந்த எண்ணால் வகுப்பது என்பதே முழு விடயத்துக்கும் உயிர்நிலை.

இலங்கையில் 1941ஆம் ஆண்டுச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும், 1954ஆம் ஆண்டுக் கடை, காரியாலய ஊழியர் சட்டமும் இவ்விடயத்தில் முக்கியமானவை. இரண்டின் வழியிலும் மேலதிக நேரத்துக்குச் சாதாரண விகிதத்தின் ஒன்றரை மடங்கு கூலி உண்டு. ஆனால் வகுக்கும் எண் ஒன்றன்று. சம்பளச் சபைகளின் கீழ் வரும் பல தொழில்களில் மாதச் சம்பளத்தை 200ஆல் வகுக்கின்றனர். கடை, காரியாலய ஊழியருக்கு 240ஆல் வகுக்கின்றனர். 200 என்பது 25 நாளை எட்டு மணியாற் பெருக்க வருவது. 240 என்பது 30 நாளை எட்டு மணியாற் பெருக்க வருவது.

முன்பு என்னிடம் கணிதம் கற்ற மாணவன் ஒருவன் சில மாதங்களுக்கு முன் தனது சம்பளத் தாளைக் கொண்டு வந்தான். கொழும்பில் ஒரு காரியாலயத்தில் இரவு முறையில் வேலை செய்கிறான். “சேர், ஒன்றரை மடங்கு தருகிறோம் என்கிறார்கள். தாளில் எழுதியிருக்கிற கணக்கும் பிழையில்லை. ஆனாலும் அந்த ஒன்றரை எங்கேயோ தேய்ந்து போகிற மாதிரி இருக்கிறது” என்றான். அவன் குறைகூற வந்தவனல்லன், விளங்கிக்கொள்ள வந்தவன். இருவருமாக ஒரு கடதாசியில் கணக்கிட்டோம். அவனுடைய உண்மைத் தொகையை விட்டு, எளிய முழு எண்ணாக மாதச் சம்பளம் 30,000 ரூபா எனக் கொண்டேன்.

30,000 ரூபாவை 240ஆல் வகுத்தால் மணிக்கு 125 ரூபா. அதன் ஒன்றரை மடங்கு 187 ரூபா 50 சதம். அதே சம்பளத்தை 200ஆல் வகுத்தால் மணிக்கு 150 ரூபா. ஒன்றரை மடங்கு 225 ரூபா. ஒரே சம்பளம், ஒரே மணி நேரம், ஒரே ஒன்றரை. வேற்றுமை 37 ரூபா 50 சதம்.

இனி, மாதத்தில் உண்மையாக எத்தனை மணி நேரம் வேலை நடக்கிறது என்று பார்ப்போம். கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி சாதாரண வேலை நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி. வாரம் 45 மணி என்றால் 52 வாரத்துக்கு 2,340 மணி. அதனைப் பன்னிரண்டால் வகுக்க, மாதத்துக்கு 195 மணி வருகிறது. 30,000 ரூபாவுக்கு அவன் ஈடாகக் கொடுக்கும் வேலை நேரம் 195 மணியேயன்றி 240 மணி அன்று. ஆகவே அவன் வேலை செய்யும் சாதாரண மணி ஒன்றின் விலை 153 ரூபா 85 சதம். மேலதிக மணியின் விலையாகிய 187 ரூபா 50 சதத்தை இதனோடு ஒப்பிட்டால், அது ஒன்றரை மடங்கு ஆகவில்லை. ஏறக்குறைய ஒன்றேகால் மடங்குக்கும் சற்றுக் குறைவாக, 1.22 மடங்காகவே நிற்கிறது. மாணவனுக்குத் தேய்ந்தது போலத் தோன்றிய பகுதி இதுவே.

முதலாளி தரப்பில் இதற்கு விடை உண்டு. மாதச் சம்பளம் என்பது வார விடுமுறை நாட்களுக்கும் சேர்த்துத் தரப்படுவது. ஆதலால் முப்பது நாளால் வகுப்பதே முறை என்பர். அது வெறும் சாக்கன்று. அதிலும் நியாயம் உண்டு. விடுமுறைக்குச் சம்பளம் உண்டென்பதை நாம் மறக்கலாகாது. ஆயினும் மேலதிக மணி என்பது ஓய்வு நேரத்தை விற்பதாகும். வேலை நேரத்தின் விலையோடு அதனை ஒப்பிடும்போது, உழைத்த மணிகளின் விலையையே அளவாகக் கொள்வது பொருத்தம் என்பது என் கருத்து.

இன்னும் ஒரு படி சென்று, முதலாளியின் கணக்குப் புத்தகத்திலிருந்து இதனை நோக்குவோம். சாதாரணச் சம்பளத்தின்மேல் அவர் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமுமாக 15 வீதம் செலுத்த வேண்டும். மேலதிக நேரக் கொடுப்பனவுக்கு இவ்விரு நிதிகளும் செலுத்தப்படுவதில்லை. முழுச் சம்பளத்துக்கும் நிதி செலுத்துகிறார் எனக் கொண்டால், சாதாரண மணி ஒன்று அவருக்கு 176 ரூபா 92 சதத்துக்கு அடங்குகிறது. மேலதிக மணியோ 187 ரூபா 50 சதம். வேற்றுமை 10 ரூபா 58 சதம். நூற்றுக்கு ஆறு என்னும் அளவு. புதிதாக ஒருவரை வேலைக்கு அமர்த்திப் பழக்குவதைக் காட்டிலும் இருப்பவரை இன்னும் மூன்று மணி நேரம் நிறுத்தி வைப்பது ஏன் இலாபமாகத் தோன்றுகிறது என்பதற்கு இந்த எண்ணே விடை.

இதிலும் ஒரு கிளைக் கணக்கு உண்டு. அந்த 30,000 ரூபாவில் 20,000 அடிப்படைச் சம்பளமாகவும் 10,000 பலவகைப் படிகளாகவும் பிரித்து எழுதப்பட்டு, மேலதிகக் கூலி அடிப்படைச் சம்பளத்தின்மேல் மாத்திரம் கணிக்கப்படுமாயின் என்ன நிகழும்? 20,000ஐ 240ஆல் வகுத்து ஒன்றரையாற் பெருக்கினால் 125 ரூபா. உழைத்த சாதாரண மணியின் விலையாகிய 153 ரூபா 85 சதத்திலும் இது குறைவு. ஓய்வு நேரத்தை வேலை நேரத்தைவிட மலிவாக விற்கும் விந்தை இது! முன்னே கூறிய இந்தியச் சட்டம் இதனை முன்னறிந்து தடுத்தது. அகவிலைப்படி முதலிய படிகளையும் சாதாரணக் கூலியிற் சேர்த்து, போனசையும் மேலதிகக் கூலியையும் மட்டும் விலக்கிக் கணிக்க வேண்டுமென்று அதன் 59ஆம் பிரிவு கூறிற்று. பெருக்கும் எண்ணைப் பெரிதாக்கி, பெருக்கப்படும் எண்ணைச் சிறிதாக்கும் தந்திரம் எங்கும் உண்டு என்பதை அச்சட்டத்தை எழுதியோர் அறிந்திருந்தனர்.

இரவுக் கூலியும் மேலதிகக் கூலியும்

இதுவரை கூறியவை பகல் முறையினருக்கும் பொருந்துவன. இரவு முறையினருக்கே உரிய சிக்கல் ஒன்று எஞ்சியிருக்கிறது. இரவில் வேலை செய்வதற்கென்று தனியாக ஒரு கூடுதல் கூலி கொடுக்கப்படும் இடங்களில், இரவு வேலையே எல்லை கடந்து மேலதிக வேலையாகவும் ஆகும்போது, இரண்டு கூடுதல்களும் சேருமா, அல்லது ஒன்று மற்றதை விழுங்கிவிடுமா?

இக்கேள்வி அமெரிக்க நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அங்கே 1938ஆம் ஆண்டு நியாயத் தொழில் தராதரச் சட்டம், வாரத்தின் எல்லையைக் கடந்த வேலைக்குச் ‘சாதாரண விகிதத்தின்’ ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும் என்று விதித்தது. 1940 முதல் அந்த எல்லை 40 மணி. நியூயோர்க் துறைமுகத்துக் கப்பற் கூலியாட்களின் ஒப்பந்தப்படி, வார நாட்களின் பகல் வேளையும் சனிக்கிழமை முற்பகலுமே சாதாரண நேரம். பொதுச் சரக்குக்கு அந்நேரத்துக்குரிய கூலி மணிக்கு 1.25 டொலர். ஏனைய நேரம் முழுவதற்கும், இரவு உட்பட, 1.875 டொலர். இது 1.25இன் சரியான ஒன்றரை மடங்கு என்பதைக் கவனிக்க.

ஒருவர் வாரத்தில் 48 மணி நேரமும் இரவிலேயே உழைத்தார் என்று கொள்வோம். கம்பனி சொல்லும் கணக்கு எளியது: 48 மணிக்கும் 1.875 வீதம் 90 டொலர். ஒன்றரை மடங்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று. இன்னும் என்ன வேண்டும்? தொழிலாளி சொல்வது வேறு: “நான் பகலில் வேலை செய்பவனே அல்லன். எனக்கு 1.875 தான் சாதாரணக் கூலி. ஆகவே 40 மணிக்கு 75 டொலர். எஞ்சிய 8 மணிக்கு 1.875இன் ஒன்றரை மடங்காக 22.50 டொலர், ஆக 97.50 டொலர்.” வழக்கின் மையம் இந்த ஏழரை டொலரிலும், ‘சாதாரணம்’ என்னும் ஒரு சொல்லிலும் இருந்தது.

பே ரிட்ஜ் வழக்கு என்று பெயர் பெற்ற அவ்வழக்கில் 1948 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் தொழிலாளர் பக்கமே தீர்ப்பளித்தது. இரவு வேலைக்குக் கூட்டிக் கொடுப்பது அந்த வேளையின் அசௌகரியத்துக்குரிய விலை. நீண்ட நேரம் உழைத்ததற்குரிய விலை அதனின் வேறானது. ஆதலால் முன்னையதைச் சாதாரண விகிதத்துட் சேர்த்த பின்னரே ஒன்றரை மடங்கைக் கணிக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. ‘மேலதிகத்தின் மேல் மேலதிகம்’ என்று அதனைப் பழித்தோர் பலர். அடுத்த ஆண்டே, 1949 இல், அமெரிக்கக் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்திற்று. ஒப்பந்தத்திலே நேர்மையாக வரையறுக்கப்பட்ட சாதாரண வேலை நேரத்துக்குப் புறம்பான வேலைக்கு ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் கொடுத்திருந்தால், அந்தக் கூடுதலைச் சாதாரண விகிதத்திற் சேர்க்க வேண்டியதில்லை. மேலதிகக் கூலிக்கு ஈடாகவும் அதனைக் கழித்துக்கொள்ளலாம் என்றாயிற்று. இவ்விதிக்குள் அடங்காத, வெறும் இரவு முறைக்கான கூடுதலோ அந்நாட்டில் இன்றும் சாதாரண விகிதத்துள்ளேயே சேர்க்கப்படுகிறது.

யப்பானியர் இச்சிக்கலை வேறுவிதமாகத் தீர்த்தனர். 1947ஆம் ஆண்டுத் தொழில் தராதரச் சட்டத்தின் வழி, மேலதிக வேலைக்கு 25 வீதம், இரவு பத்து மணியிலிருந்து காலை ஐந்து மணி வரையுள்ள வேலைக்கு 25 வீதம் எனத் தனித்தனியே கூடுதல் உண்டு. ஒரே மணி இரண்டுக்கும் உரியதானால் இரண்டையும் கூட்டி 50 வீதம். மணிக்கு 1,000 யென் பெறுபவர், இரவில் மேலதிகமாக உழைத்த மணிக்கு 1,500 யென் பெறுவார். மாதத்தில் 60 மணியைக் கடந்த மேலதிக வேலைக்குக் கூடுதல் 50 வீதம். அதுவும் இரவில் ஆனால் 75 வீதம். இவ்வுயர்ந்த விகிதம் 2010 இல் பெரிய நிறுவனங்களுக்கும் 2023 இல் சிறிய நிறுவனங்களுக்கும் வந்தது. நீளத்துக்கு ஒரு விலை, இருளுக்கு ஒரு விலை என்று பிரித்து வைத்ததனால் அங்கே ஒன்று மற்றதை விழுங்க இடமில்லை.

நம் நாட்டிலும் இருளுக்குத் தனி விலை வைத்த சட்டம் உண்டு. அது பெண்களைப் பற்றியது. 1956ஆம் ஆண்டுப் பெண்கள், இளம் ஆட்கள், பிள்ளைகள் தொழிலமர்த்தற் சட்டத்துக்கு 1984 இல் ஒரு திருத்தம் செய்யப்பட்டது. பெண்ணை அவளது விருப்பத்துக்கு மாறாக இரவில் வேலை செய்யப் பணித்தல் கூடாது. தொழில் ஆணையாளரின் எழுத்து மூல அனுமதி வேண்டும். பகல் முழுவதும் வேலை செய்தவளை இரவு பத்து மணிக்கு மேல் நிறுத்தலாகாது. மாதத்திற் பத்து நாட்களுக்கு மேல் இரவு வேலை கூடாது. இரவு வேலைக்குச் சாதாரணக் கூலியின் ஒன்றரை மடங்கேனும் கொடுத்தல் வேண்டும் என்பன அதன் கூறுகள். கூலியை மட்டும் உயர்த்திவிட்டு அமையாமல், நாட்களுக்கும் மணிகளுக்கும் எல்லை கட்டியதே இத்திருத்தத்தின் சிறப்பு.

வேலி எதற்கு?

ஒன்றரை மடங்கு என்பது தொழிலாளிக்குத் தரும் பரிசு என்றே பலரும் எண்ணுகின்றனர். அதன் பிறப்பை நோக்கினால் வேறொரு நோக்கமும் புலப்படும். 1919 இல் வாஷிங்டன் நகரிற் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு தனது முதலாவது சமவாயத்திலேயே நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என எல்லை வகுத்தது. விதிவிலக்காக அதனைக் கடக்க நேர்ந்தால் ஒன்றேகால் மடங்குக்குக் குறையாத கூலி வேண்டும் என்றது. அமெரிக்கச் சட்டம் வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்த காலத்திலே பிறந்தது. மேலதிக நேரத்தை விலையுயர்ந்ததாக்கினால், முதலாளி அதைத் தவிர்த்து இன்னொருவருக்கு வேலை கொடுப்பார் என்பதும் அதன் எண்ணம். ஆகவே ஒன்றரை என்பது எட்டு மணி நேரத்தைச் சூழக் கட்டிய வேலி. பயிருக்கு வேலி காவல். அந்த வேலி ஆறு வீத உயரத்தில் நின்றால், அதனைத் தாண்டுவதற்கு எவரும் தயங்கமாட்டார்.

இரவுத் தொழிலாளிக்கு இக்காவல் இன்னும் அவசியமானது. மனித உடல் பகலுக்கென அமைந்தது. பகலில் உறங்கும் உறக்கம் இரவுறக்கத்துக்கு ஈடாவதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் இரவு முறை வேலையைப் புற்றுநோய்க்கு ஏதுவாகக் கூடியது என 2007 இல் வகைப்படுத்திற்று; 2019 இல் மீண்டும் ஆராய்ந்து அவ்வகுப்பிலேயே நிறுத்திற்று. 1990ஆம் ஆண்டுச் சர்வதேச இரவு வேலைச் சமவாயம், இரவுத் தொழிலாளிக்குரிய ஈட்டைக் கூலியாக மட்டுமன்றி வேலை நேரக் குறைப்பாகவும் கொடுக்கலாம் என்று கூறுவது இதனாலேயே. எட்டு மணி இரவு வேலைக்குப் பின் வரும் ஒன்பதாவது மணி, பகல் வேலையின் ஒன்பதாவது மணியினும் பாரமானது.

இவற்றையெல்லாம் கேட்டிருந்த என் மாணவன் ஈற்றில் ஒரு கேள்வி கேட்டான். “சேர், கணக்கை நீங்கள் சொல்கிறபடி திருத்தினால் எங்களுக்கு ஓவர்டைமே தரமாட்டார்கள். அந்தக் காசை நம்பித்தான் வீட்டு வாடகை கொடுக்கிறேன். வேலி உயர்ந்தால் எனக்கல்லவா நட்டம்?”

அக்கேள்வி என்னைச் சிறிது நேரம் மௌனமாக்கியது. மேலதிகக் கூலியை நம்பிக் குடும்பம் நடத்துவோரின் நிலை அதுவே. வேலியைத் தாண்ட வேண்டும் என்று இரு பக்கத்தாரும் விரும்பும்போது சட்டம் என்ன செய்ய முடியும்? நான் அவனுக்குக் கூறிய விடை இதுதான்: “தம்பி, உன் வாடகையை உன் எட்டு மணி நேரத்துச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதனைக் கொடுக்க முடியாத சம்பளத்தை ஓவர்டைம் மறைத்து வைக்கிறது. கணக்கைத் தெளிவாகப் போட்டால், குறை எங்கே இருக்கிறது என்பதாவது தெரியும்.” அவன் முழுவதும் உடன்பட்டான் என்று சொல்வதற்கில்லை. வாடகை கொடுக்க வேண்டியவன் அவன், நான் அல்லன். ஆயினும் அந்தக் கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். தன்னோடு வேலை செய்யும் ஏனையோருக்கும் காட்டப் போவதாகச் சொன்னான்.

ஆசிரியர்களாகிய நாம் இதிலே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சாதாரண தர வகுப்புகளில் வீதம், விகிதம், வட்டி ஆகியவற்றைக் கற்பிக்கிறோம். தொட்டியை இரண்டு குழாய்கள் எத்தனை மணியில் நிரப்பும் என்று கேட்கிறோம். அம்மாணவரிற் பலர் சில ஆண்டுகளில் ஏதோ ஓர் இரவு முறையில் நின்று தொட்டி நிரப்பப் போகின்றவர்கள். ஒரு சம்பளத் தாளை வகுப்பறைக்குக் கொண்டு வந்து, அதிலே வகுக்கும் எண் எது, படிகள் சேர்க்கப்பட்டனவா, நள்ளிரவுக்குப் பிந்திய மணிகள் எந்த நாளின் கணக்கில் எழுதப்பட்டன, இரவுக்குரிய கூடுதலும் மேலதிகத்துக்குரிய கூடுதலும் தனித்தனியே காட்டப்பட்டனவா என்னும் நான்கு கேள்விகளையும் கேட்கப் பழக்குவது அரை மணி நேரப் பாடம். வேலை தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் தம் கையாலே ஒரு கொப்பியிற் குறித்துவரும் வழக்கத்தையும் அப்பாடத்தோடு சேர்த்துக் கற்பிக்கலாம். தொழில் திணைக்களத்துக்கு ஒருநாள் முறையீடு செய்ய நேர்ந்தால், நினைவினும் அக்கொப்பி வலிமையுடைத்து.

சம்பளத் தாளிலுள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் பொருள் சொல்லத் தெரிந்த தொழிலாளியிடம் வேறு எண்களைக் காட்டி ஏய்ப்பது எளிதன்று. பாட்டுக்கு உரை காணும் பயிற்சியை மாணவருக்குக் கொடுக்கும் நாம், அவர்கள் உழைப்பின் கணக்குக்கும் உரை காணும் பயிற்சியைக் கொடுப்போமாக.